எண்டோஸ்கோப்பியா, எண்டாஸ்கபியா: நீண்ட அறிவியல் சொற்களில் அசையும் அழுத்தமும்

பெங்களூரில் அறிவியலை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் ஏராளம். 1909இல் தொடங்கி இன்றும் ஊர் வாயில் "டாடா இன்ஸ்டிடியூட்" என்றே வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்பவர்கள், பொம்மசந்திராப் பக்கத்து மருந்து ஆலைகளில் தரம் பார்ப்பவர்கள், பீன்யாவின் பட்டறைகளில் அளவு பிடிப்பவர்கள், மருத்துவமனைப் பரிசோதனைக்கூடங்களில் இரவுப் பணி பார்ப்பவர்கள் என்று எங்கும் தமிழ் கேட்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து, கன்னடமும் சேர்த்துப் படித்து வளர்ந்தவர்களும் உண்டு. துறை அறிவில் இவர்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் தயக்கமில்லை. ஆனால் வெளிநாட்டினர் கலந்துகொள்ளும் கூட்டத்தில் பத்து எழுத்துக்கு மேல் நீளும் ஓர் அறிவியல் சொல்லை இவர்கள் சொல்லும்போது எதிர்முனை திரும்பக் கேட்கிறது. சொன்னவர் இன்னும் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தையும் முழுமையாக ஒலித்துச் சொல்கிறார். அப்போதும் புரிவதில்லை. எல்லா எழுத்துகளையும் சமமாக, முழுமையாக ஒலிப்பதுதான் அந்தச் சொல்லை மறைக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆங்கிலச் சொல் ஒன்றில் பல அசைகள் இருந்தால், அவற்றில் ஒன்று தலைமை பெறும். அந்த அசை சற்று நீளும், குரல் அதில் ஏறும், அதன் உயிர் ஒலி தெளிவாக இருக்கும். ஆங்கில வகுப்பில் "ஸ்ட்ரெஸ்" என்று சொல்வது இதைத்தான். இங்கே அழுத்தம் என்று குறிப்பிடுகிறேன். தலைமை அசைக்கு முன்னே, அகராதிகள் இடுவது போல, ˈ என்ற குறியை இடுகிறேன். அழுத்தத்தைவிடக் கவனிக்க வேண்டியது அழுத்தம் பெறாத அசைகளுக்கு நேர்வதை. அவற்றின் உயிர் பெரும்பாலும் மங்கி, அகரமும் இல்லாமல் எகரமும் இல்லாமல் வாய் நடுவில் பிறக்கும் ஒரு சிற்றொலியாகச் சுருங்கிவிடுகிறது. அணுவைக் குறிக்கும் சொல் ˈஆ-டம். அதன் பெயரடை அ-ˈடா-மிக். முதல் சொல்லில் தெளிவாக ஒலித்த ஆகாரம் இரண்டாவதில் மங்குகிறது. முதல் சொல்லில் மங்கிக் கிடந்த உயிர் இரண்டாவதில் முழுதாக எழுந்து நிற்கிறது. எழுத்து மாறவில்லை, அழுத்தம் இடம் மாறியது, உயிர்கள் அதைப் பின்தொடர்ந்தன. கேட்பவரின் காது எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லைக் கண்டுபிடிப்பதில்லை; எங்கே உயர்கிறது, எங்கே மங்குகிறது என்ற வடிவத்தை வைத்தே பெரும்பகுதி தேடுகிறது. வடிவம் தவறினால் எழுத்துகள் சரியாக இருந்தும் பயனில்லை.

தமிழுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. அழுத்தம் ஒன்றை மட்டும் இடம் மாற்றிப் பொருள் மாற்றும் சொல்லிணை தமிழில் இல்லை. நம் இலக்கணம் ஒலியை நீளத்தால் அளந்தது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. சுருங்கும் உயிர் நமக்கு அந்நியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "நாடு" என்னும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறது, அது குற்றியலுகரம். "தலை" என்னும்போது ஐகாரம் குறுகுகிறது. பேச்சில் அது "தல" என்றே ஆகிவிடுகிறது. ஆனால் நம் குறுக்கங்களுக்கு இடம் நிலையானது. சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் எது குறுகும் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரே வேர்ச்சொல் ஈறு மாறும் போதெல்லாம் வேறு வேறு அசையைக் குறுக்குகிறது. கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் சக ஊழியர்களுக்கும் ஏறத்தாழ இதே பழக்கம்தான் என்பதால், பெங்களூர் ஆய்வகத்துக்குள் இருக்கும்வரை யாருக்கும் சிக்கல் தெரிவதில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே புரிகிறது. அதில் குறையும் ஒன்றுமில்லை.

சிக்கலின் வேர் எங்கே என்று பார்த்தால், நாம் நீண்ட சொல்லை முதலிலிருந்து படிக்கிறோம். முதல் அசையில் சற்று ஊன்றி, பிறகு வருவதையெல்லாம் சமமாக அடுக்கிக்கொண்டு போகிறோம். ஆங்கிலத்தின் அறிவியல் சொற்களில் அழுத்தத்தைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் கடைசிப் பகுதி. ஆகவே சொல்லைக் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் அகராதியைத் திறக்காமலேயே மிகப் பல சொற்களைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவமனையில் நாள்தோறும் கேட்கும் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி ˈஎண்-ட-ஸ்கோப். அந்தக் கருவியால் செய்யும் சோதனை எண்-ˈடாஸ்-க-பி. அந்தச் சோதனை சார்ந்தது என்ற பொருளில் வரும் பெயரடை எண்-ட-ˈஸ்கா-பிக். மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். தலைமை மட்டும் முதல் அசை, இரண்டாம் அசை, மூன்றாம் அசை என்று நகர்ந்துகொண்டே போகிறது. தமிழில் நாம் மூன்றிலும் "எண்டோஸ்கோ" என்ற ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு ஈற்றை மட்டும் மாற்றுகிறோம். கடைசியிலிருந்து எண்ணினால் விதி எளிதாகத் தெரியும். ஸ்கோப்பி, கிராஃபி, லஜி, மெட்ரி, டமி, பதி என்று இகரத்தில் முடியும் கிரேக்க வழிச் சொற்களில் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழும். இக் என்று முடிந்தால் அதற்கு நேர் முந்தைய அசையில் விழும். ஆகவே வளர்சிதை மாற்றத்துக்கான சொல் ம-ˈடா-ப-லி-சம் என்றாலும் பெயரடை மெ-ட-ˈபா-லிக். ஷன் என்று முடியும் சொற்களும் அப்படியே, முந்தைய அசையைப் பிடிக்கும். இட்டி என்று முடியும் பண்புப்பெயர்களில் மீண்டும் கடைசியிலிருந்து மூன்றாவது: கடத்துதிறனுக்கான சொல் கான்-டக்-ˈடி-வி-டி. இந்த நான்கு ஈறுகளை மட்டும் காதில் ஏற்றிக்கொண்டாலே ஓர் அறிவியல் பாடநூலின் நீண்ட சொற்களில் பெரும்பங்கு வசமாகிவிடும்.

இந்த ஈறுகள் இல்லாத லத்தீன், கிரேக்கச் சொற்களுக்கு இன்னொரு விதி உண்டு. அது தமிழ் யாப்பு கற்றவருக்குச் சட்டென்று பிடிபடும். கடைசிக்கு முந்தைய அசையைப் பார்க்க வேண்டும். அதில் நெடில் இருந்தாலோ, குறிலை அடுத்து ஒற்று நின்று அசையை அடைத்தாலோ அந்த அசை கனமானது. அழுத்தம் அங்கேயே விழும். அது ஒற்றில்லாத தனிக்குறிலாக இருந்தால் இலேசானது. அழுத்தம் இன்னும் ஓர் அசை பின்வாங்கி, கடைசியிலிருந்து மூன்றாவதில் விழும். செவ்வியல் லத்தீனில் வழங்கிய இந்த விதியே ஆங்கிலத்துக்கும் பெரிய அளவில் பொருந்துகிறது என்பதை நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். நம் அசைக் கணக்கும் குறில், நெடில், ஒற்று என்ற மூன்றையே கருவியாகக் கொண்டது. இரண்டும் ஒன்றல்ல. நம்மிடம் சொல்லின் தொடக்கத்துக் குறில் அடுத்த எழுத்தோடு கூடி நிரையாகும். லத்தீனில் அப்படிக் கூடுவதில்லை. ஆனால் தனிக்குறிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் உள்ள கன வேறுபாட்டைக் கேட்கும் காது, வெண்பாவுக்குச் சீர் பிரித்துப் பார்த்த எவருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும்போது இந்தக் காதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

லால்பாக் தோட்டத்துக்குப் போய் மரங்களில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகைகளைப் படித்தால் இந்த விதியை நடந்துகொண்டே பழகலாம். வேம்பின் தாவரவியல் பெயரில் முதல் சொல் அ-ச-டி-ˈராக்-ட. கடைசிக்கு முந்தைய அசை ஒற்றடைத்தது, ஆகவே அழுத்தம் அங்கே. மாமரத்தின் பெயர் மான்-ˈஜி-ஃபெ-ர. கடைசிக்கு முந்தைய ஃபெ தனிக்குறில், ஆகவே ஓர் அசை பின்னே போகிறது. இரண்டு மரங்களுக்கும் பின்னால் ஒட்டிக்கொள்ளும் "இந்தியாவுக்குரிய" என்ற சொல் ˈஇன்-டி-க. பெங்களூர்ச் சாலைகளில் ஊதாப் பூவாய்ச் சொரியும் மரம் ஜா-க-ˈரான்-ட. அதன் இனப்பெயர் மி-மோ-சி-ˈஃபோ-லி-ய. தாவரவியல் படிக்கும் பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்து விதி சொல்வதைவிட, இப்படி ஒரு மரத்தடியில் நிறுத்தி விரல்விட்டு எண்ண வைப்பது மேல்.

நோய்ப்பெயர்களும் இந்த விதிக்குள் அடங்கும். அழற்சியைக் குறிக்கும் ஐட்டிஸ் ஈற்றில் ஐகாரம் நீண்டது. ஆகவே ஆர்-ˈத்ரை-டிஸ், ஹெ-ப-ˈடை-டிஸ். நோய்நிலையைக் குறிக்கும் ஓசிஸ் ஈற்றில் ஓகாரம் நீண்டது. ஆகவே காசநோய் ட்யூ-பர்-க்யு-ˈலோ-சிஸ். கட்டியைக் குறிக்கும் ஓமா ஈறும் அப்படியே: கார்-சி-ˈனோ-ம. ஒளிச்சேர்க்கைக்கான சொல்லோ ஃபோ-டோ-ˈசின்-த-சிஸ். அங்கே கடைசிக்கு முந்தையது தனிக்குறில். சிஸ் என்று பார்வைக்கு ஒரே மாதிரி முடியும் இரண்டு சொற்கள் வேறு வேறு இடத்தில் அழுத்தம் பெறுவது ஏன் என்று குழம்புபவர்களுக்கு விடை அந்த ஓர் அசையின் மாத்திரையில் இருக்கிறது.

தமிழர்கள் எல்லாச் சொற்களையும் தவறாகச் சொல்லவில்லை என்பதையும் கவனித்தாக வேண்டும். "பயாலஜி" என்று சொல்லாத தமிழர் யார்? ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் ஓகாரத்தைப் பார்த்து "பயோலஜி" என்று சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அழுத்தம் விழும் இடத்தில் ஆகாரம் வந்து அமர்ந்துவிட்டது. "சைக்காலஜி"யும் அப்படி, வீட்டில் காய்ச்சல் பார்க்கும் "தெர்மாமீட்டர்" கூட அப்படித்தான், மா நீண்டு ஒலிக்கிறது. இவை காதால் வாங்கிய சொற்கள். பேசக் கேட்டுப் பழகியதால், ஆங்கில அழுத்தத்தைத் தமிழ் தன்னிடம் இருந்த நீளமாக மாற்றி ஏற்றுக்கொண்டது. பின்னால் வந்தவற்றை நாம் கண்ணால் வாங்கினோம். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி, குரோமட்டோகிராஃபி, எலக்ட்ரோஃபோரிசிஸ் போன்றவற்றைப் பெரும்பாலோர் முதன்முதலாக அச்சில்தான் சந்திக்கிறார்கள். அச்சில் ஓகாரம் தெரிகிறது. ஆகவே ஓகாரம் ஒலிக்கிறது.

எழுத்துமுறையும் இதில் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. தமிழில் உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும் என்பதால், வன்மை காட்ட நாம் ஒற்றை இரட்டித்து எழுதுகிறோம்: "ஸ்கோப்பி", "எலக்ட்ரிசிட்டி", "பாராசிட்டமால்". எழுதுவதற்கு அது சரியான வழி. ஆனால் இரட்டித்த ஒற்று அதற்கு முந்தைய அசையை அடைத்துக் கனமாக்கிவிடுகிறது; பேச்சு கனமான இடத்தை நோக்கி நகர்கிறது. ஆங்கிலத்தில் எ-லெக்-ˈட்ரி-சி-டி என்பதில் சி மிக இலேசான அசை. நம் வாயில் அதுவே "சிட்" என்று ஊன்றி நிற்கிறது. காய்ச்சல் மாத்திரையைப் பிரித்தானியர்கள் ப-ர-ˈசீ-ட-மால் என்பார்கள், ˈசெ என்பவர்களும் உண்டு. மூன்றாம் அசைதான் தலைமை. நாமோ முதல் இரண்டு அசைகளையும் "பாரா" என்று நீட்டிவிட்டு, நீள வேண்டிய மூன்றாவதை "சிட்" என்று வெட்டிவிடுகிறோம்.

ஆய்வகமொன்றில் கருத்தரங்க உரைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் தன் மூத்த ஆய்வாளரிடம், "அக்கா, ஸ்பெக்ட்ரோஸ்கோப்பின்னு தெளிவாத்தானே சொல்றேன், அப்புறம் ஏன் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க?" என்று கேட்டார். அவர் சொன்ன பதில்: "நீ பயாலஜின்னு எப்படிச் சொல்ற? அதே மாதிரி இதையும் சொல்லுப்பா." மாணவர் தயங்கி, "ஸ்பெக்ட்ராஸ்கபி" என்றார். அவ்வளவுதான், வந்துவிட்டது. விதி எதையும் மனப்பாடம் செய்யாமல், ஏற்கெனவே சரியாகச் சொல்லும் ஒரு சொல்லை அளவாக வைத்து அதே ஈறுடைய மற்றொன்றைச் சொல்லும் இந்த வழியைவிட எளிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

பீன்யாவில் வேறொரு சுவையான வழக்கைக் காணலாம். பட்டறையில் ஓர் உருளையின் விட்டத்தை அளக்கும் திருகு அளவி மை-ˈக்ரா-மி-டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான அலகு ˈமைக்-ரோ-மீ-டர். தெர்மாமீட்டர், பாரோமீட்டர் போன்ற அளவுக்கருவிகள் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் பெறும். சென்டிமீட்டர், மில்லிமீட்டர் போன்ற அலகுகள் முதல் அசையில் பெறும். பிரித்தானிய எழுத்துமுறை இரண்டையும் ஈற்றில் வேறுபடுத்தி எழுதுகிறது. அமெரிக்க எழுத்துமுறையில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஆகவே அமெரிக்க வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு பேசும்போது வேறுபடுத்திக் காட்டுவது அழுத்தம் மட்டுமே. தொழிலாளர்கள் இரண்டையும் "மைக்ரோமீட்டர்" என்று ஒரே மாதிரி சொன்னாலும் குழப்பம் வராததற்குக் காரணம், அலகை அவர்கள் "மைக்ரான்" என்றே சொல்வதுதான். அந்தப் பெயரைப் பன்னாட்டு எடை அளவு மாநாடு 1967–68இலேயே கைவிட்டுவிட்டது. பட்டறை கைவிடவில்லை, கைவிட வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. கிலோமீட்டர் இந்த அலகு விதியை மீறுகிறது: ˈகி-லோ-மீ-டர் என்பதே ஒழுங்கு என்றாலும் கி-ˈலா-மி-டர் என்பது உலகெங்கும் பரவி நிலைத்துவிட்டது.

இனி அசைப் பிரிப்புக்கு வருவோம். நுரையீரல் அழற்சியான நிமோனியாவின் ஆங்கில எழுத்தில் முதலில் ஒரு பகரம் உண்டு, அது ஒலிப்பதில்லை. உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஆப்னியாவிலும் அதே பகரமும் நகரமும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே பகரம் நன்றாக ஒலிக்கிறது. உளவியலுக்கான சொல்லின் தொடக்கத்திலும் ஒலிக்காத பகரம் உண்டு. நினைவுக்குறிப்பு உத்தியான நிமானிக்கில் முதல் மகரம் ஒலிக்காது. நினைவிழப்பான ஆம்-ˈனீ-சி-யாவில் ஒலிக்கும். இவற்றை "ஊமை எழுத்து" என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் பட்டியலே வேண்டாம். எந்த எழுத்து மொழிக்கு முதலாக வரலாம், எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கலாம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் தமிழுக்கு வரையறுத்தன அல்லவா? ஆங்கிலத்துக்கும் அப்படி ஒரு வரையறை உண்டு. ப்ன, ப்ட, ப்ஸ, ம்ன போன்ற கிரேக்கக் கூட்டுகள் ஆங்கிலத்தில் அசைக்கு முதலாக வர முடியாது. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் முதல் மெய் உதிர்கிறது. சொல்லின் நடுவில் வந்தால் முதல் மெய் முந்தைய அசைக்கு ஒற்றாகப் போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொள்கிறது: ஆப்-னி-யா, ஆம்-னீ-சி-யா.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பொருள் பிரியும் இடமும் அசை பிரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஹெலிகாப்டர் என்ற சொல்லைப் படைத்தவர்கள் சுருளைக் குறிக்கும் கிரேக்கப் பகுதியையும் சிறகைக் குறிக்கும் கிரேக்கப் பகுதியையும் சேர்த்தார்கள்; பொருள்படிப் பிரித்தால் ஹெலிகோ ஒரு துண்டு, ப்டர் ஒரு துண்டு. வாய் அப்படிப் பிரிப்பதில்லை: ˈஹெ-லி-காப்-டர். நீண்ட சொல்லைப் புரிந்துகொள்ள வேர்களாகப் பிரியுங்கள் என்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்வது பொருளுக்கு மிக நல்ல அறிவுரை. அந்தத் துண்டுகளையே ஒலித்துக் காட்டச் சொல்வதுதான் மாணவரைத் தவறான இடத்தில் கொண்டு நிறுத்துகிறது. தென் மாநிலப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1963 முதல் பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் இயங்கிவருகிறது. ஆங்கில ஆசிரியர்களுக்கு அழுத்தம் பற்றித் தெரிந்துகொள்ள வாய்ப்புகள் இருக்கின்றன. ஆனால் பள்ளியில் நீண்ட அறிவியல் சொற்களை முதன்முதலாக உரக்கச் சொல்லிக் காட்டுபவர் ஆங்கில ஆசிரியர் அல்லர்; உயிரியல், வேதியியல் ஆசிரியர்கள்தான். இவர் உச்சரிப்பு கற்பிப்பதில்லை, அவர் அறிவியல் சொல்லைத் தொடுவதில்லை. பிள்ளைக்கு இடையில் விழுந்துபோவது இந்தப் பாடம்.

அச்சில் காணும் இணைகோட்டையும் நம்பிவிடக் கூடாது. தமிழில் வரி முடிந்தால் சொல்லை எந்த எழுத்துக்குப் பின்னும் ஏறக்குறைய முறித்துவிடலாம். ஆங்கிலத்தில் அதற்கெனத் தனி மரபு உண்டு, அதுவும் இரண்டு மரபு. அமெரிக்க அகராதிகள் ஒலியைப் பின்பற்றிப் பை, ஆல், அ, ஜி என்று முறிக்கும். பிரித்தானிய மரபு வேரைப் பின்பற்றி பயோ, லஜி என்று முறிக்கும். கணினிக்கு இதைக் கற்பித்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் லியாங். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1983இல் முடித்த ஆய்வில், சுமார் 4,500 எழுத்துக்கோலங்களைக் கொண்டே ஒரு கையகராதியின் முறிப்பிடங்களில் 89 விழுக்காட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். கணிதக் கட்டுரை எழுதுவோர் இன்றும் பயன்படுத்தும் டெக் மென்பொருளில் அந்த முறைதான் இருக்கிறது. ஆனால் அதன் வேலை வரியை அழகாக முறிப்பது. வாய்க்கு வழிகாட்டுவது அதன் வேலையே இல்லை. உச்சரிப்புக்குப் பார்க்க வேண்டியது அகராதியில் தலைச்சொல்லுக்கு அடுத்து வரும் ஒலிக்குறிப்பையும் அதிலுள்ள அழுத்தக் குறியையும் மட்டுமே.

எட்டு, ஒன்பது அசை வரும் சொற்களில் ஓர் அழுத்தம் போதாது, துணையழுத்தமும் தேவைப்படும். ஆங்கிலச் சொல் அடுத்தடுத்து இரண்டு மங்கிய அசைகளோடு தொடங்குவதில்லை. தலைமை அழுத்தம் மூன்றாம் அசையிலோ அதற்குப் பின்னோ வந்தால், முதல் இரண்டு அசைகளில் ஒன்றில் துணையழுத்தம் விழுந்தே தீரும். நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நாளும் நடக்கும் சோதனை ஒன்றைக் கொண்டு இதைப் பார்க்கலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இந்த முறையை எல்லோரும் "ஈஈஜி" என்று சுருக்கிச் சொல்வதற்குக் காரணமே முழுப்பெயரின் நீளம்தான். கடைசியிலிருந்து தொடங்குவோம். கிராஃபி ஈறு, ஆகவே மூன்றாவது அசை தலைமை: ˈலாக்-ர-ஃபி. அதற்கு முந்தைய அசை மங்கும்: ஃப. அதற்கும் முந்தையதில் ஒரு துணையழுத்தம்: செ, மங்கிய ஃப, பிறகு லாக். இன்னும் பின்னே போனால் மங்கிய என், அதற்கு முன் ட்ரோ, அதற்கு முன் லெக் என்பதில் மற்றொரு துணையழுத்தம், தொடக்கத்தில் மங்கிய இ. கூட்டிப் பார்த்தால் இ-லெக்-ட்ரோ-என்-செ-ஃப-ˈலாக்-ர-ஃபி. ஒன்பது அசைகளில் லெக், செ, லாக் என்ற மூன்று மட்டும் எழுந்து நிற்கின்றன. மற்ற ஆறும் அவற்றின் நிழலில் விரைந்து கடந்துபோகின்றன. சொல்லிப் பழகும்போது லாக்-ர-ஃபி என்ற வாலை முதலில் சொல்லி, செ-ஃப-ˈலாக்-ர-ஃபி என்று முன்னால் ஒட்டி, கடைசியில் இ-லெக்-ட்ரோவைச் சேர்ப்பது நல்லது. முதலிலிருந்து தொடங்கினால் நடுவழியில் மூச்சு தீர்ந்து, தலைமை அசை வரும்போது குரல் இறங்கிவிடும். டி.என்.ஏ.யின் முழுப்பெயருக்கும் இதுவே வழி: டி-ஆக்-சி-ரை-போ-ந்யூ-ˈக்ளீ-யிக். ஆக், ரை என்பவை துணை. இக் ஈற்றுக்கு முந்தைய க்ளீ தலைமை.

விதிகளுக்குப் புறம்பானவையும் உண்டு. இக் என்று முடிந்தும் முந்தைய அசையைப் பிடிக்காத சில சொற்களில் வேதியியலாருக்கு அறிமுகமானது நஞ்சுத் தனிமமான ˈஆர்-ச-னிக். அதே சொல் அமிலத்துக்கு அடைமொழியாகும்போது மட்டும் விதிக்குத் திரும்பி ஆர்-ˈசெ-னிக் ஆகிறது. பெங்களூரில் பாடநூல் பிரித்தானிய வழி, பணியிடம் பெரும்பாலும் அமெரிக்க வழி என்பதால் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஆய்வகத்தைப் பிரித்தானியர்கள் ல-ˈபா-ர-ட்ரி என்பார்கள், அமெரிக்கர்கள் ˈலாப்-ர-டோ-ரி என்பார்கள். நுண்குழாய் பிரித்தானியருக்கு க-ˈபி-ல-ரி, அமெரிக்கருக்கு ˈகா-பி-லெ-ரி. அலுமினியம் என்பதில் எழுத்தே ஒன்று கூடுகிறது: ஆ-ல-ˈமி-னி-யம் என்று ஐந்து அசை பிரித்தானியருக்கு, அ-ˈலூ-மி-நம் என்று நான்கு அசை அமெரிக்கருக்கு. பெயரிட்ட ஹம்ஃப்ரி டேவியே தொடக்கத்தில் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1990இல் பிரித்தானிய வடிவத்தை ஏற்று, 1993இல் அமெரிக்க வடிவத்தையும் மாற்றுவடிவமாக ஒப்புக்கொண்டது. இத்தகைய சொற்களில் எதைச் சொன்னாலும் தவறில்லை. ஒருவர் அமெரிக்க வழியில் சொன்னதற்காகப் பிரித்தானிய வழி படித்த ஆசிரியர் திருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

அழுத்தம் பழகச் சொல்வதை வெள்ளைக்காரர் போலப் பேசச் சொல்வதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நம் டகரமும் ரகரமும் நம்முடையவையாகவே இருக்கட்டும். யாருக்கும் அவை இடையூறு இல்லை. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று 1960களிலேயே ஆராய்ந்த ஆர். கே. பன்சாலும் புரியாமைக்கான காரணங்களில் இடம் மாறிய சொல்லழுத்தத்தை முக்கியமாகக் குறித்தார். சில இடங்களில் நம் பழக்கமே பாதுகாப்பானதாகவும் இருக்கிறது.

அப்படிப்பட்ட இடம் ஒன்று பரிசோதனைக்கூடத்துத் தொலைபேசி. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்த நிலை ஹை-போ-க-ˈலீ-மி-யா. கூடிய நிலை ஹை-பர்-க-ˈலீ-மி-யா. இயல்பான அளவு லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல். இரண்டு பக்கம் விலகினாலும் இதயத் துடிப்பு தடுமாறும். மருத்துவமோ நேர் எதிர், ஒன்றுக்குப் பொட்டாசியம் கொடுக்க வேண்டும், மற்றதற்குக் குறைக்க வேண்டும். ஆங்கில அழுத்தம் இங்கே லீ என்ற, இரண்டு சொற்களுக்கும் பொதுவான அசையில் விழுகிறது. பொருளை வேறுபடுத்தும் போ, பர் இரண்டும் அழுத்தமில்லாத அசைகள். ரகரத்தை விழுங்கிப் பேசும் பிரித்தானிய வழக்கில் பர் என்பது வெறும் மங்கிய ஒலியாகிவிடுவதால், விரைந்த பேச்சில் வேறுபாடு மிக மெலிந்துபோகும். தமிழர் வாயிலோ "ஹைப்போ", "ஹைப்பர்" என்று உயிரும் ரகரமும் முழுதாக ஒலித்து வேறுபாடு காப்பாற்றப்படுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இணையைச் சொல்லும்போது வேண்டுமென்றே அழுத்தத்தை போ மீதும் பர் மீதும் மாற்றி வைப்பதுண்டு. ஆகவே இங்கே விதியைத் தளர்த்தி, வேறுபடும் அசையை ஊன்றிச் சொல்லலாம், அதோடு நிற்காமல் "பொட்டாசியம் 2.8, குறைவு" என்று எண்ணை முதலில் சொல்லி, நோய்நிலையின் பெயரைப் பிறகு சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை எண்ணைத் திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும்.